மூன்றாவது சோடி

கதவைத் திறந்து, செருப்புக்காக வலது காலை வெளியே நீட்டிய லதீசின் பெருவிரலில் ஈரமாக ஏதோ தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தான். அந்த ஹோட்டல் அறை வாசலில் இரண்டு சோடிச் செருப்புகள் இருந்திருக்க வேண்டும். ஒன்று அவனுடையது, மற்றது சயந்தினியுடையது. மூன்று சோடி இருந்தன.

மூன்றாவது, நீல வார் போட்ட இறப்பர் செருப்பு. ஆம்பிளைக் கால் அளவு. தண்ணீரில் ஊறிக் குதிப்பக்கம் வெளுத்து, ஓரங்களில் உப்புப் பூத்து, இப்போதுதான் யாரோ காலை உருவிக்கொண்டு உள்ளே போனதுபோல, நுனி இரண்டும் கதவைப் பார்த்தபடி, அவர்களுடைய செருப்புகளோடு ஒரே வரிசையில் மரியாதையாக இருந்தது. அதைச் சுற்றிக் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. வெளி நடையின் பளிங்குத் தரையோ இரண்டு பக்கமும் சொட்டு ஈரமில்லாமல் மினுங்கியது.

"ஆரோ அறை மாறிக் கழட்டிப்போட்டுப் போயிருக்கினம்," என்றான் உள்ளே திரும்பி.

சயந்தினி கட்டிலில் இருந்தபடி தோளில் வெயில் கிறீமைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "லதீஸ், இந்த முழு ஹோட்டல்லயும், ஐ மீன், இந்த முழு யூரோப்லயும் ரூமுக்கு வெளியில செருப்புக் கழட்டுறது நீ மட்டும்தான். மாறிக் கழட்ட இன்னொராள் எங்கயிருந்து வரும்?"

நியாயமான கேள்வி. லதீஸ் அதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை, மனைவியின் குத்தலாக எடுத்துக்கொண்டான். கலியாணமாகிச் சில மாதங்களே ஆன நிலையில் அந்த இரண்டையும் பிரித்தறியும் ஆற்றல் அவனுக்கு இன்னும் கைகூடவில்லை.

செருப்புச் சட்டம் அவனுடைய அம்மா அருந்ததியுடையது. சிட்னியின் வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் அவர்கள் மூவரும் இருக்கும் மூன்றாம் மாடி யூனிட்டுக்குள் செருப்போடு எவரும் நுழைந்ததில்லை, குழாய் திருத்த வந்தவர் உட்பட. பொது நடையில் செருப்பு வைக்கக்கூடாது என்று கட்டட நிர்வாகம் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டது. லிஃப்டை விட்டு இறங்கும்போதே அம்மா வாசலைப் பார்த்து யார் வீட்டில், யார் வெளியில் என்று சொல்லிவிடுவாள். செருப்பு வெளியில் கிடந்தால் ஆள் உள்ளே. இதைவிட நம்பகமான பாதுகாப்புக் கருவியை அவுஸ்திரேலியாவில் இன்னும் எவரும் விற்கவில்லை என்பது அவள் கருத்து. கிரேக்கத்துக்குப் புறப்படும் அன்றும் காரின் ஜன்னலுக்குள் தலையை விட்டு அதையே சொன்னாள்: "ஹோட்டல் எண்டாலும் நீங்கள் படுக்கிற இடம்தானே, தம்பி. செருப்பை வெளியில கழட்டுங்கோ."

சயந்தினி மெல்பேர்ன் பக்கம் வெரிபீயில் பிறந்தவள். மருந்தாளர். மாமியாரைப் பற்றி அவளுக்குப் பெரிய குறை இல்லை. மாமியாருக்கு அவளைப் பற்றி ஒரேயொரு குறை, ஆனால் அது எந்நேரமும் இருந்தது. "நல்ல பிள்ளைதான். ஆனா ஓம் எண்டு சொல்ல வாய் வராது, எல்லாத்துக்கும் யா. வீட்டுக்கு ஆக்கள் வந்தா வாங்கோ, இருங்கோ எண்டு ஒரு சொல் இல்லை. ஒரு தேத்தண்ணி இல்லை." இதை அருந்ததி சயந்தினிக்குக் கேட்கும் தூரத்தில் நின்றுதான் சொல்லுவாள், அவளுக்குத் தமிழ் விளங்காது என்ற நம்பிக்கையில். விளங்கும்.

பயணத்துக்கு முதல் வாரம் ரயில் மேடையில் வைத்துச் சயந்தினி சொன்னாள்: "திரும்பி வந்ததும் எங்களுக்கெண்டு தனியா ஒரு இடம் பாப்பம். இல்லாட்டி நான் வெரிபீக்குப் போறன், நீ மாமியோட இரு. கோபமா சொல்லேல்லை. ஹொலிடே முடியிறதுக்குள்ள டிசைட் பண்ணு." பரமட்டா ரயில் வந்தது. பதில் சொல்லாமல் தப்பினான். விமானத்திலும் கப்பலிலும் தப்பினான். இப்போது ஒரு தீவில் இருந்தார்கள். தீவில் ஓட இடம் குறைவு.

அவன் வாழ்க்கையில் தங்கிய முதல் வெளிநாட்டுத் தீவு, கடல்வழி வரும் அகதிகளை அவுஸ்திரேலியா அடைத்துவைக்கும் கிறிஸ்மஸ் தீவு. பதினாலு வயதில், அம்மாவோடு, படகில். மூன்று வேளைச் சாப்பாடு, கடற்காற்று, முழுநேரக் காவல் எல்லாம் இருந்தன. வெளியேறும்போது மதிப்புரை எழுதச் சொல்லி எவரும் கேட்கவில்லை. இப்போது தங்கியிருந்த ‘இரினி’ ஹோட்டலுக்கோ மதிப்புரைகள் நிறைய இருந்தன, எல்லாம் ஒரே விடயத்தைப் புகழ்ந்தன: ஊரின் நட்டநடுவில் இருக்கிறது, எதற்கும் நடை தூரம். தேவாலயம், சந்தை, மருந்துக்கடை, துறைமுகம், கடல்.

"எங்கட சிட்னியில ஹரிஸ் பார்க்கும்தான் பரமட்டாவுக்கு நடை தூரம்," என்று சொல்லியிருந்தான் லதீஸ். "அதுக்கு ஆர் அஞ்சு ஸ்டார் குடுத்தது?"

"நீ ஒரு ரொமான்டிக் ஃபெலோ," என்றாள் சயந்தினி.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகு அந்த ஊர் அசையாது. கடைக்காரர்கள் தகரக் கதவுகளை இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள், கருகிய கணவாயின் மணமும் மோட்டார் சைக்கிள் புகையும் வெள்ளைச் சந்துகளுக்குள் போக வழி தெரியாமல் அப்படியே நிற்கும், எங்கோ ஒரு மரத்தில் பூச்சிகள் வெயிலை அரத்தால் ராவுவதுபோல விடாமல் இரையும், ஹோட்டலின் எல்லா அறைகளிலும் மரப்பலகை அடித்த ஜன்னல் கதவுகள் மூடப்பட்டு, பலகை இடுக்குகளால் வந்த வெளிச்சம் மட்டும் இருட்டுக்குள் கீற்றுக் கீற்றாகக் கிடக்கும். ஊரே நித்திரை. லதீசுக்கு வரவில்லை. மூன்றாவது சோடி வருவதற்குச் சற்று முன், அவன் அந்த இருட்டில் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தபோது, கீழே இருந்து படியேறி வரும் ஒரு சத்தத்தைக் கேட்டிருந்தான். சளப். சளப். ஈரச் செருப்பு உள்ளங்காலில் அடிக்கும் சத்தம். அது வாசலுக்கு வந்தது, நின்றது, பிறகு போகவில்லை. பின்னேரம் கடற்கரையில் இருக்கும்போதுதான் அந்தக் கடைசி விடயம் அவனுக்கு உறைத்தது. போகவில்லை.

இருட்டும் நேரம் அறைக்குத் திரும்பினார்கள். அந்த வெயிலில், அந்தக் காற்றில், நீலச் செருப்பு காயவில்லை. இப்போது வாசலில் அது மட்டும்தான் இருந்தது. லதீஸ் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அம்மாவின் சட்டம் அவன் கேட்காமலே தலைக்குள் ஓடியது. செருப்பு வெளியில்.

"திற," என்றாள் சயந்தினி, தன் செருப்பைக் கழற்றி நீலச் செருப்புக்குப் பக்கத்தில் விட்டபடி. "பாத்ரூம் அவசரம்."

உள்ளே ஒருவரும் இல்லை. கட்டில், அலுமாரி, ஜன்னலோரக் கதிரை. கதிரையின் துணி மெத்தையில் மட்டும், யாரோ நனைந்த உடுப்போடு நெடுநேரம் இருந்துவிட்டு எழும்பியதுபோல, ஒரு ஈரம். குளித்துவிட்டுச் சயந்தினி இருந்திருப்பாள் என்று நினைத்தான். முகர்ந்து பார்த்தான். உப்பு. அதற்குக் கீழே டீசல்.

செருப்பைத் தூக்கிக்கொண்டு கீழே போனான். படியில் வெளிச்சத்துக்குக் கீழே அதைத் திருப்பிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். விரலுக்கிடையில் வரும் வார் அறுந்து, கழன்று வராமலிருக்க அடிப்பக்கத்தில் ஒரு சட்டைப்பின் குத்தியிருந்தது. துருப்பிடித்த பின். கிரேக்கர்கள் செருப்பு அறுந்தால் வேறு வாங்குவார்கள். உலகத்தில் இந்த வைத்தியத்தைச் செய்கிறவர்கள் யாரென்று அவனுக்குத் தெரியும். பதினாலு வயது வரை அவனே செய்திருக்கிறான்.

படகு ஏறிய இரவு, கரையில் எல்லாரையும் செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார்கள். படகுக்குள் மண் வரக்கூடாதாம். செத்துப்போகக்கூடிய பயணத்திலும் சுத்தம் பார்த்த ஒரே போக்குவரத்துச் சேவை அது. திரும்பிப் பார்த்தபோது ரோர்ச் வெளிச்சத்தில் கரை முழுக்கச் செருப்புகள், ஒரு பெரிய வீட்டில் விசேஷம் நடப்பதுபோல. அன்றிரவு இரண்டு படகு வெளிக்கிட்டது. ஒன்றுதான் போய்ச் சேர்ந்தது.

வரவேற்பு மேசையில் இருந்த கிழவர் மெல்பேர்னில் இருபது வருடம் ட்ராம் ஓட்டியவர். அவர் ஆங்கிலத்தில் கிரேக்கமும் மெல்பேர்னும் சரிபாதி. லதீஸ் நீட்டிய செருப்பை அவர் கையால் தொடவில்லை.

"அது உங்கள் விருந்தாளியுடையது, மேட்."

"எனக்கு இங்கே விருந்தாளி யாரும் இல்லை."

"டபிள் ரூம் என்றால் இரண்டு பேர். மேலதிகமாக ஆட்கள் தங்குவதென்றால் ஒவ்வொருவரின் பாஸ்போர்ட்டும் எனக்கு வேண்டும். ஹோட்டல் விதி. அதோடு, படி பளிங்கு. ஈரக்காலோடு ஏற வேண்டாம் என்று சொல்லுங்கள். யாராவது விழுந்தால் என் தலையில்தான் வரும்."

"யார் ஏறினது? நீங்கள் கண்டீர்களா?"

கிழவர் தோளைக் குலுக்கினார். "நடுவூர் ஹோட்டல். ஆட்கள் போவார்கள், வருவார்கள். வாசலில் செருப்பைப் பார்த்தால் வீடு என்று நினைப்பார்கள்."

லதீஸ் நேரே துறைமுகத்துக்கு நடந்து போய், இரண்டு செருப்பையும் முடிந்தளவு தூரம் எறிந்தான். நடை தூரம்தான். திரும்பி வந்தபோது அவை வாசலில் இருந்தன. பக்கத்தில் ஒரு பெண்ணின் செருப்பு. அதற்குப் பக்கத்தில், பூப்போட்ட, உள்ளங்கை அளவான ஒரு சோடி.

இரவு அவன் நித்திரை கொள்ளவில்லை. ஆனால் இரவில் ஒன்றும் நடக்கவில்லை. கீழே தெருவில் விடியும் வரை சுற்றுலாக்காரர்கள் பாடினார்கள், கிளாஸ்கள் உடைந்தன, நாய் குரைத்தது. அவனுக்கு அந்தச் சத்தம் ஆறுதலாக இருந்தது. பயம் மத்தியானத்துக்கென்று வைக்கப்பட்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் ஊர் அசைவற்றுப்போனது. சயந்தினி தலையணையில் முகம் வைத்ததும் நித்திரையானாள். மேலே மின்விசிறி டக், டக் என்று ஒவ்வொரு சுற்றிலும் எதையோ தட்டிக்கொண்டு சுழன்றது. லதீஸ் காதைக் கதவில் வைத்திருந்தான். சளப், சளப். ஒருவர். கொஞ்ச இடைவெளிவிட்டு இன்னொருவர். சின்னக் கால்கள் விரைவாக, பெரிய கால்கள் களைத்து. ஒவ்வொன்றும் வாசலில் நின்றது. ஒவ்வொன்றும் நின்ற பிறகு, கதவு திறக்காமலே, அறைக்குள் உப்பு மணம் கொஞ்சம் கூடியது. வெளிச்சக் கீற்றுகள் தரையில் விழுந்து கிடந்த இடத்தில், ஒன்று மங்கியது. பிறகு அடுத்தது. யாரோ ஜன்னலுக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நிற்பதுபோல.

அப்போது அவனுக்குப் பின்னால் சயந்தினி பேசினாள்.

"வாங்கோ," என்றாள்.

அவன் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

"உள்ளுக்க வாங்கோ. இருங்கோவன். நல்லா நனைஞ்சு போனியள் என்ன? தேத்தண்ணி போடட்டே?"

வெரிபீயில் பிறந்தவளின் தமிழ் இல்லை அது. ஒரு நாளும் கடல் தாண்டாத ஒருத்தியின் தமிழ். குரல் மட்டும் அவளுடையது.

அவன் பாய்ந்து ஜன்னல் கதவைத் தள்ளித் திறந்தான். வெயில் உள்ளே விழுந்தது. ஒருவரும் இல்லை. சயந்தினி கண்ணைக் கசக்கினாள். "வாட் த ஹெல், லதீஸ்?"

"நீ இப்ப கதைச்சனி."

"நித்திரையில எல்லாரும்தான் கதைப்பினம்."

"தமிழில கதைச்சனி."

"அப்ப மாமிக்கு ரெக்கோர்ட் பண்ணி அனுப்பு," என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பினாள். அவன் நிற்கிற நிலையைப் பார்த்துப் பிறகு எழும்பி உட்கார்ந்தாள். "ஏய். ஆர் யூ ஓகே?"

எல்லாவற்றையும் சொன்னான். செருப்புகள், பின், கதிரை, கிழவர், இரண்டாவது படகு. சயந்தினி கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை, அது அவனை இன்னும் பயமுறுத்தியது. எழும்பிப் போய்க் கதவைத் திறந்து வாசலைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். கதவைச் சாத்தினாள்.

"பத்துப் பதினைஞ்சு சோடி கிடக்கு," என்றாள் மெதுவாக.

"நாளைக்கே போவம்."

"யா. போவம்." பிறகு, அவன் முகத்தைப் பார்த்து: "பட் நீ எனக்கு ஒரு ஆன்சர் சொல்லோணும். பேயைச் சாட்டித் தப்பேலாது."

லதீஸ் வாழ்க்கையில் முதல் முறையாகத் தப்பவில்லை. "தனியா இருப்பம். வீடு பாப்பம். அம்மாட்ட நான் சொல்லுறன்."

"பிரொமிஸ்?"

"பிரொமிஸ்."

அவள் அவனைக் கட்டிக்கொண்டாள். வெயில் கிறீம் மணம், அவளுடைய சம்போ மணம், காய்ந்த சூடான தலைமுடி. இவளை இழக்கக்கூடாது என்ற ஒன்றுதான் அந்த நேரம் அவன் மனதில் இருந்தது. பேய் பிசாசெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அடுத்த நாள் காலைக் கப்பல் ரத்தாகிவிட்டது. காற்றாம். பின்னேரம் ஒன்று இருந்தது, துறைமுகத்துக் கருமபீடத்தில் நேரே போய்ச் சீட்டை மாற்ற வேண்டும். முன்பதிவு சயந்தினியின் கைப்பேசியில் இருந்ததால் அதையும் வாங்கி, எந்நேரமும் கழுத்தில் தொங்கும் பாஸ்போர்ட் பைக்குள் போட்டுக்கொண்டான். சந்தை முனையில் பிரிந்தார்கள்.

"நீயும் வா," என்றான்.

"நீ போட்டு வா. நான் அதுக்கிடையில பெட்டியை அடுக்குறன். பகல்தானே. ஜன்னலைத் திறந்து வைக்கிறன்." இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினாள். "செருப்பையும் வெளியில கழட்டுறன். உனக்காக. லாஸ்ட் டைம்."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தான். ஒரு மோட்டார் சைக்கிள் இருவருக்கும் நடுவால் போனது. அது போன பிறகு அவளும் சந்துக்குள் போய்விட்டாள்.

கருமபீடத்தில் நீண்ட வரிசை. அவன் முறை வந்தபோது தேவாலய மணி இரண்டடித்தது. கடைகளின் தகரக் கதவுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அவன் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். வெள்ளைச் சந்துகள் எல்லாம் ஒரே மாதிரி, ஒவ்வொன்றும் வெறுமை, பூச்சிகளின் இரைச்சல் மட்டும் கூடவே ஓடி வந்தது, மூச்சு வாங்கியது, எல்லாம் நடை தூரம் என்று எழுதியவர்களை மனதுக்குள் தூஷணத்தால் ஏசினான். வரவேற்பு மேசையில் கிழவர் நித்திரை. பளிங்குப் படியெல்லாம் ஈரம். இரண்டு முறை சறுக்கினான்.

மூன்றாம் மாடி.

நடை முழுக்கச் செருப்புகள்.

படியின் வாயிலிருந்து அவர்களுடைய கதவு வரை, சுவரிலிருந்து சுவர் வரை. நீலம், சிவப்பு, பச்சை. ஒற்றை வார். அறுந்த வார். குழந்தைச் செருப்பு. எல்லாம் நனைந்தவை. எல்லா நுனியும் கதவைப் பார்த்தபடி. கதவுக்கு மிகப் பக்கத்தில், ஈரமே இல்லாமல், ஒரேயொரு சோடி.

சயந்தினியுடையது.

சாவி திரும்பியது. உள்ளே இருட்டு. ஜன்னலைத் திறந்து வைப்பதாகச் சொன்னாளே. ஒரு கீற்று வெளிச்சம்கூட இல்லை. மின்விசிறி ஓடவில்லை. அவ்வளவு சின்ன அறைக்குள் அவ்வளவு மூச்சு. ஈரத் துணி அவன் கையில் உரசியது. தோளில். முகத்தில். ஒருவரும் நகரவில்லை. இடம் விட்டார்கள், அவ்வளவுதான். நெரிசலான பேருந்தில் இறங்குகிறவனுக்கு விடுவதுபோல.

"சயந்தி!"

மூச்சுகள்.

"சயந்தி, எங்க நிக்கிறாய்?"

"ஓம். இஞ்ச நிக்கிறன்."

பக்கத்தில்தான். குரல் வந்த பக்கம் கையை நீட்டினான். ஒரு கை அவன் கைக்குள் வந்தது. குளிர்ந்த கை. மெல்லிய விரல்கள், கலியாண மோதிரம். போதும். இழுத்துக்கொண்டு ஓடினான். செருப்புகளுக்கு மேலால், வழுக்கி, மிதித்து, படியில், கிழவரைத் தாண்டி, வெயிலுக்குள்.

வெயிலில் திரும்பிப் பார்த்தான். சயந்தினிதான். வெறுங்காலோடு, முழுக்க நனைந்து.

"குளிச்சுக்கொண்டிருந்தனான்," என்றாள். சிரித்தாள்.

செருப்பு, பெட்டி ஒன்றுக்கும் திரும்பிப் போகவில்லை. துறைமுகக் கடையில் உடுப்பும் ஒரு சோடிச் சப்பாத்தும் வாங்கிக் கொடுத்தான். கப்பலில் அவள் அவன் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். கப்பல் முழுக்க வெயிலும் காற்றும், தலைமுடி காயவில்லை. ஏதென்சில் காயவில்லை. விமானத்தில் குளிரூட்டியின் கீழ், இரவு முழுக்க, காயவில்லை. லதீஸ் அதை ஒரு சம்போ பிரச்சினையாகக் கருத முயன்றான். தனி வீட்டைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சாப்பாடு கொண்டுவந்த பெண்ணிடம் தலையை ஆட்டிவிட்டு, அவன் காதில், "பாவம், களைச்சுப்போனா" என்றாள். சிட்னி விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டோடு முகம் ஒத்துப் பார்க்கும் இயந்திரம் அவளை நெடுநேரம் பார்த்தது. பிறகு யாருக்கோ பயந்ததுபோலப் பச்சை விளக்கைப் போட்டது.

அருந்ததிக்குப் பிடிபடாத சந்தோஷம். வந்த அன்றே மருமகள் குசினிக்குள் போய்விட்டாள். "ஓம் மாமி, நீங்கள் இருங்கோ மாமி, நான் போடுறன்." அருந்ததி மகனைப் பக்கத்தில் இழுத்து, "உலகத்தில கிரேக்கத்துக்குப் போய்த் தமிழ் படிச்சவள் இவள் ஒருத்தியாத்தான் இருப்பாள்," என்றாள் பெருமையாக. "இனி உங்களுக்கு ஒரு குறையும் இல்லை, தம்பி."

அப்போதுதான் கைப்பேசி அடித்தது. நீண்ட வெளிநாட்டு இலக்கம்.

"மேட்," என்றது ட்ராம் ஓட்டிய குரல், "நீங்கள் புறப்பட்டுவிட்டீர்கள். ஆனால் அறையை இன்னும் விடவில்லை."

"பெட்டியை வீசிவிடுங்கள். எனக்கு வேண்டாம்."

"பெட்டி பிரச்சினை இல்லை. உங்கள் மனைவி."

லதீஸ் குசினியைப் பார்த்தான். அவள் முதுகு தெரிந்தது. கேத்தலில் தண்ணீர் கொதித்தது.

"அவருடைய செருப்பு இன்னும் வாசலில் இருக்கிறது. அது மட்டும்தான். மற்றவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள், நல்லகாலம். கதவுதான் திறக்க மாட்டேன் என்கிறது, சாவி சுற்றுகிறது, திறக்கவில்லை. பூட்டுக்காரர் திங்கட்கிழமைதான் வருவார், இங்கே அப்படித்தான். நேற்று முழுக்க உள்ளேயிருந்து தட்டினார். இன்று தட்டுவது குறைந்துவிட்டது. நீங்கள் பேசினால் ஆறுதலாக இருக்குமோ என்று நினைத்தேன். கதவோடு பிடிக்கிறேன், பேசுங்கள்."

பலகையில் போன் உரசும் சத்தம். வெறுமை. பூச்சிகளின் இரைச்சல். பிறகு, மிகத் தூரத்தில், தொண்டை வறண்டு:

"லதீஸ்? லதீஸ், ஆர் யூ தெயர்?"

அவன் போனைக் காதோடு அழுத்தினான்.

"இட்ஸ் சோ டார்க். நீ ஏன் அவளைக் கூட்டிக்கொண்டு போனனி?"

தொடர்பு அறுந்தது. திரும்ப அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான். ஒருவரும் எடுக்கவில்லை. அங்கே இப்போது மத்தியானம்.

குசினிக்குள் அவள் அலுமாரியைத் திறந்து கோப்பைகளை எடுத்து வைத்தாள். மூன்று. ஆறு. அம்மா விசேஷத்துக்கு வைத்திருக்கும் கோப்பைகளையும் எடுத்தாள். மேசை நிறைந்தது. கதிரைகளிலும் வைத்தாள். அவளுடைய தலைமுடியிலிருந்து ஒவ்வொன்றுக்குள்ளும் ஒவ்வொரு சொட்டு விழுந்தது.

"ஆருக்குப் பிள்ளை இவ்வளவு?" என்று அருந்ததி சிரித்தாள்.

"வந்துகொண்டிருக்கினம், மாமி. கொஞ்சம் தூரம். நடந்துதானே வரவேணும்."

வெளியே லிஃப்ட் திறக்கும் சத்தம்.

சளப்.

"அம்மா, திறக்காதேங்கோ."

சளப். சளப்.

"அம்மா!"

"வாசலுக்கு வந்த ஆக்களை வெளியில நிப்பாட்டுறதே?" அருந்ததி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு போய்க் கதவை அகலத் திறந்தாள். "வாங்கோ, வாங்கோ."

நடையில் ஒருவரும் இல்லை.

லிஃப்டிலிருந்து வாசல் வரை செருப்புகள். நனைந்தவை. எல்லா நுனியும் வீட்டைப் பார்த்தபடி. முன்வரிசையில் நீல வார்.

அவனுக்குப் பின்னால், மேசையிலிருந்து, கோப்பைகள் ஒவ்வொன்றாக எழும்பின.